செவ்வாய்க்கிழமைச் சத்தம்

நோலன் ஹார்விக் களத்தில் இறங்கினால் எங்கள் ஊரில் பாதிப் பேர் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள். மீதிப் பேர் பியர் வாங்கப் போவார்கள். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில், மூன்று முறை முட்டி மோதியும் அணியால் முன்னேற முடியவில்லை என்றால்தான் நான்காவது முறைக்கு அவன் வருவான். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, தரையைத் தொடுவதற்குள் உதைத்து, எதிரணிக்கே கொடுத்துவிட்டுப் போவான். எப்படியும் கொடுக்கப் போகிற பந்தை எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறான் என்பதுதான் வேலை. அந்த வேலைக்காரனுக்குப் பெயர் பன்டர்.

அயோவாவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் ஒருவருக்குப் பிறந்தவன். பள்ளியில் உருண்டைப் பந்து ஆட்டத்தில் கோல்காப்பாளனாக நின்றான். பக்கத்து மைதானத்தில் முட்டைப் பந்து ஆடும் அணியின் பன்டருக்குப் பொன்னுக்குவீங்கி வந்த வாரம், அந்தக் கோச் வேலியோரம் வந்து, "டே நெட்டையா, அதை இப்படி ஒரு தடவை உதை, பார்ப்போம்" என்றார். உதைத்தான். வேறு எந்தத் தீர்மானமும் இல்லாமல் ஒரு தொழில் அவனிடம் வந்து சேர்ந்தது.

கல்லூரி முடிந்ததும் எந்த அணியும் அவனைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கவில்லை. ஓர் ஊரில் கோடை முழுக்க வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னோர் ஊரில் ஒரு மாதம். வேறோர் ஊரில், அங்கிருந்த பன்டருக்கு முழங்கால் சரியாகும் வரை. இடையில் டயர் கடை ஒன்றில் வேலை செய்தான். அந்த ஊர்களில் ஒன்றில் பல் சுத்தம் செய்யப் போனபோது மார்லாவைப் பார்த்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. வாயில் கருவி இருப்பதால் பேசவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது.

கடைசியாக எங்கள் ஏரிக்கரை ஊருக்கு வந்தான். இங்கே நிலைத்தான். மகள் ஐவி இங்கேதான் பிறந்து, இந்த இலையுதிர்காலத்தில்தான் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மார்லாவுக்குப் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பல் மருத்துவமனையில் நிரந்தர வேலை.

பன்டர்கள் தாங்கள் ஆடும் ஊரில் வீடு வாங்குவதில்லை. யாரும் எழுதிவைத்த விதி இல்லை, ஆனாலும் வாங்குவதில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் ஏரியைப் பார்த்த மாடிவீடு வாங்குவார்கள். பன்டர் வாடகைக்கு இருப்பான். காலி அட்டைப் பெட்டிகளை மடித்துக் காரேஜில் அடுக்கி வைத்திருப்பான். நோலனும் அப்படித்தான் இருந்தான். அக்டோபரில் வீட்டுக்காரர் மிஸஸ் கோவாக், தான் மகளோடு புளோரிடா போவதாகவும், வீட்டை நீங்களே வாங்கிக்கொண்டால் தனக்கு அலைச்சல் மிச்சம் என்றும் சொன்னார். மார்லா அன்றிரவு அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் நோலனே, "வாங்கிடலாம்" என்றான்.

"நிஜமாவா சொல்ற?"

"ம்."

"ஹூபி கேட்டா சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

கையெழுத்து டிசம்பர் மத்தியில் என்று முடிவாயிற்று.

ஹூபி சிரிக்கத்தான் செய்தான். நோலனுக்கு முன்னால் குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னோக்கி எறிபவன் ஹூபிதான். மலை மாதிரி உடம்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவன் எறியும் பந்து நோலனின் உள்ளங்கைக்கே வரும். மூன்றாவது ஆள் டெஸ்மண்ட், கம்பங்களுக்கு நடுவே பந்தை அடிப்பவன். அவன் அடிக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் மண்டியிட்டுப் பந்தை ஒரு விரலால் நட்டுப் பிடிக்க வேண்டும், தையல் அவன் கண்ணில் படாதபடி. அதுவும் நோலனின் வேலை. பயிற்சி நேரத்தில் மற்றவர்கள் மோதிக்கொண்டு கிடக்க, இந்த மூவரும் மைதானத்தின் ஓரத்தில் குப்பைத்தொட்டிக்குள் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

"வீடு வாங்கறானாம்டா," என்றான் ஹூபி. "அடுத்து என்ன, தாடி வளர்த்து மேயர் தேர்தல்ல நிக்கப் போறியா?"

"இவன் பிரச்சாரத்துக்குப் போனா ரெண்டு வார்த்தை பேசுவான்," என்றான் டெஸ்மண்ட். "ஒண்ணு ஹலோ. இன்னொண்ணு பை."

"ஹலோ அதிகம்டா அவனுக்கு."

நோலன் பந்தை எறிந்தான். தொட்டியின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

நவம்பர் கடைசியில் அவன் உதைகளும் அப்படித்தான் விழ ஆரம்பித்தன. ஏரிக்காற்று திரும்பிவிட்டது என்பது உண்மை. ஆனால் காற்று எல்லா வருடமும் திரும்பும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து பந்து காலின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் சரிந்தது. "உன் பந்து கனடாவுக்கே போயிடும் போலிருக்கே, பாஸ்போர்ட் எடுத்தியா?" என்று ஹூபி கேட்டான். இரண்டாவது ஞாயிறு அவன் அதைக்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. அந்த வாரச் செவ்வாய் நோலன் பயிற்சி மைதானத்துக்குப் போனது காலணிக்காக. உதைக்கும் காலுக்கு அவன் ஒரு அளவு சிறிய காலணி போடுவான். நனைந்ததை வீட்டில் காயவைக்க எடுத்துவர மறந்துவிட்டிருந்தான். கார் நிறுத்துமிடத்தில் ஹூபியின் சிவப்பு டிரக் நின்றது. பக்கத்தில் டெஸ்மண்டின் கார்.

நோலன் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தான். சன்னல் கண்ணாடியை இறக்கினான்.

நல்ல உதைக்கு ஒரு சத்தம் உண்டு. கனமான கதவு ஒன்றை யாரோ ஒரே தள்ளில் சாத்துவது போல இருக்கும். மோசமான உதைக்குக் கன்னத்தில் அறைவது போன்ற சத்தம். மைதானத்தைச் சுற்றிய மதிலுக்கு அப்பால் யார் உதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. முதலில் கன்னத்தில் விழும் அறைகளாகவே கேட்டது. பிறகு இன்னொருவன் வந்தான். கதவும் அறையும் மாறி மாறி. கடைசியாக ஒருவன். கதவு. கதவு. கதவு.

அணி புது ஆளைத் தேடினால் செவ்வாயன்றுதான் வரவழைப்பார்கள், இருப்பவன் கண்ணில் படாமல் இருக்க. வந்தவர்களுக்குப் பந்தெறிய இருப்பவனின் கூட்டாளி வந்தாக வேண்டும். வந்தவர்களுக்குப் பந்தை நட்டுப் பிடிக்கத் தெரியுமா என்று பார்க்க இன்னொரு கூட்டாளி வர வேண்டும். நடந்ததை இருவருமே சொல்லக் கூடாது. நோலனும் வேறு ஊர்களில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று உதைத்திருக்கிறான். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது முதல் தடவை. பசிக்கிறதா என்று யோசித்தான். பசிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காலணியை எடுக்காமலே வீட்டுக்குப் போனான்.

புதன்கிழமை உடைமாற்றும் அறையில் ஹூபி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தம்.

"நேத்து என்ன பண்ணின?" என்று நோலன் கேட்டான்.

"தூங்கினேன். நாய்க்குச் சோறு வெச்சேன். மறுபடியும் தூங்கினேன். நீ?"

"நானும் அப்படித்தான். கடைசியா உதைச்சவன் யாரு?"

ஹூபி குனிந்து காலணியின் நாடாவை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினான். டெஸ்மண்ட்தான் பேசினான்.

"ஆஸ்திரேலியாக்காரன். பேரு லக்லன். இடது காலு."

"டே," என்றான் ஹூபி.

"அவனுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்ன?" டெஸ்மண்ட் நோலன் பக்கம் திரும்பினான். "கோச் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். பந்தைப் பிடிக்கத் தெரியுதா அவனுக்குன்னு."

"என்ன சொன்ன?"

"தெரியுதுன்னேன்."

"நிஜமாவே தெரியுதா?"

"நிஜமாத்தான். கை நல்லா இருக்கு, நோலன். பொய் சொல்லியிருக்கணுமோ?"

"வேணாம்," என்றான் நோலன். "நீ தப்பா அடிச்சா உன்னையும் அனுப்பிடுவாங்க."

"கெட்ட வார்த்தையில திட்டேன்டா, நல்லாயிருக்கும்," என்றான் ஹூபி. மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். குப்பைத்தொட்டி ஆட்டத்தில் அன்று நோலன் ஜெயித்தான்.

வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமை மார்லா வண்ண அட்டைகளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐவி ரூமுக்கு மஞ்சளா, பச்சையா?"

"எதுவா இருந்தாலும் சரி."

"எதைக் கேட்டாலும் இதே பதில். நான் கறுப்புன்னு சொன்னா?"

"கறுப்பும் நல்லாத்தான் இருக்கும்."

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பெயின்ட் கடைக்காரனைக் கட்டியிருக்கலாம்," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சள் அட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிய்த்தாள். நாளைக்கு ஒழுங்காக உதைத்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நோலன் நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே வேறு யாரோ நினைத்தது போல இருந்தது.

ஞாயிறன்று காற்று எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. கடைசிக் கால்பகுதியில் மூன்று புள்ளிகள் முன்னால் இருந்தோம். நேரம் கொஞ்சம்தான் பாக்கி. மூன்று முறை மோதி நகரமுடியாமல், நோலன் இறங்க வேண்டி வந்தது. எதிர்ப்பக்கத்தில் பந்தை வாங்கக் காத்திருந்தவன் அந்த வருடத்தின் ஆக வேகமான ஓட்டக்காரன்.

சில நேரம் பன்டரின் பந்து அதிக தூரம் போகக் கூடாது என்பது வெளியாட்களுக்கு எளிதில் புரியாது. பந்து காற்றில் நிற்கும் நேரத்துக்குள் நம் ஆட்கள் ஓடிப்போய் அது விழும் இடத்தில் நிற்க வேண்டும். அவர்களை முந்திக்கொண்டு பந்து போய்விட்டால், வாங்குகிறவனுக்கு முன்னால் வெறும் புல்தான் இருக்கும். பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டால் யாரும் அதை எடுத்து ஓடவே முடியாது.

கோச் வார்ட்லோ நோலனின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்துக் காதருகே கத்தினார். "வலது கோட்டுக்கு வெளிய தள்ளிடு. உயரமா. தூரம் வேணாம் எனக்கு. கேக்குதா? தூரமே வேணாம்."

"சரி கோச்."

ஹூபியின் பந்து உள்ளங்கைக்கு வந்தது. நோலன் இரண்டு அடி வைத்தான். எப்போது தீர்மானித்தான் என்று பிறகு அவனாலும் சொல்ல முடியவில்லை. கால் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

அப்படி ஒரு சத்தம் அந்த மைதானத்தில் கேட்டதில்லை என்று எங்கள் ஊரில் இப்போதும் சொல்வார்கள். கழிப்பறைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பந்து காற்றில் ஏறி, காற்றையே தன்னுடையதாக்கிக்கொண்டு, நடுவில் நேராகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ஓட்டக்காரன் பின்னால் திரும்பி ஓடித்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்துத் திரும்பியபோது எங்கள் ஆட்கள் பாதி வழியில் இருந்தார்கள். அவன் அவர்களுக்கு நடுவே ஒரு வளைவு போட்டு வந்தான். கடைசியில் நோலன் ஒருவன்தான் மிச்சம். நோலன் பாய்ந்தான். கையில் கொஞ்சம் புல் வந்தது.

தோற்றோம்.

வார்ட்லோ சத்தம் போடவில்லை. உடைமாற்றும் அறையில் நோலனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு அழகான உதை தெரியுமா அது?"

"தெரியும் கோச்."

"நான் இத்தனை வருஷத்துல பார்த்ததுல அது ஒண்ணு. ஏம்ப்பா அப்படிப் பண்ணின?"

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று உதைத்த அந்த ஒரு நொடியில் நோலனுக்குத் தோன்றியது உண்டு. அதைச் சொன்னால் பதில் மாதிரி இருக்காது.

"காத்து பின்னாலேருந்து இருந்துச்சு," என்றான்.

திங்கள் காலை ப்ரூயிட் வாசலில் நின்றார். நீக்கப்படுகிறவனை மேலே கூப்பிட்டுப் போக எல்லா அணியிலும் ஒரு ப்ரூயிட் உண்டு. ஐம்பது வயது இருக்கும்; மெதுவாகப் பேசுவார்; அவர் தங்களை நோக்கி வந்தால் ஆட்டக்காரர்கள் ஷூ நாடாவைக் கட்டப் போவார்கள். "நோலன், மேல ஒரு நிமிஷம் கூப்பிடறாங்க. அணி கொடுத்த டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வந்துடு, ப்ளீஸ்." எடுத்துக்கொண்டு போனான். மேலே, அவனை நீக்கிவிட்டதாகச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

அவன் சாமான் ஒரே பெட்டியில் அடங்கியது. அதை ஹூபி தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தான்.

"இதுக்குள்ள என்னடா, இறகா? ஆறு வருஷம் இருந்தவன் பெட்டியா இது?"

"கனமா இருந்தா நீயே தூக்கியிருக்க மாட்டே."

"அது சரி." ஹூபி பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான். "நாளைக்கு அந்த ஆஸ்திரேலியாக்காரனுக்கு எறியணும். அவன் இடது கைப் பக்கம் கேக்கறான்."

"ஒரு பிடி உள்ள எறி. பழகிடும்."

"உன்கிட்ட யாரு யோசனை கேட்டா?" என்றான் ஹூபி. அவன் கண் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

மார்லா மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தபோது பெட்டி சமையலறை மேசைமேல் இருந்தது. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"எப்போ தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான் சொன்னாங்க."

"அதைக் கேக்கல. எப்போ தெரியும்?"

"செவ்வாய்."

"செவ்வாய்." அவள் பெட்டியின் மடலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "சனிக்கிழமை நான் பெயின்ட் கேட்டேன்."

"ஆமா."

"கறுப்பும் நல்லாத்தான் இருக்கும்னு சொன்ன."

அவள் எழுந்து நின்றபடியே மிஸஸ் கோவாக்குக்குப் போன் செய்தாள். வீட்டை வாங்க முடியாது என்பதை நிதானமாகச் சொன்னாள். இடையில் அந்தம்மாவையே ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டுக் காரேஜுக்குப் போனாள். நோலனும் பின்னால் போனான். மடித்த அட்டைப் பெட்டிகள் சுவரோடு அடுக்கியபடி இருந்தன. வீடு வாங்குவதென்று முடிவானதும் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள்.

"எறியல?"

"எறிய மனசு வரல," என்றாள். "நீ மட்டும்தான் சொல்லாம இருப்பியா?"

சாமானைக் கட்டவில்லை, போக இடம் இல்லை. எங்கே போவது என்று தெரியும் வரை, ஜனவரி வரைக்கும் இருக்கலாம் என்று மிஸஸ் கோவாக் சொல்லியிருந்தார். ஞாயிறுகளில் மார்லா தொலைக்காட்சியைப் போடவில்லை. நோலன் ஐவியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டான், அழைத்துவந்தான். வாசலில் பனி தள்ளினான். சுவரில் மஞ்சள் அட்டை அப்படியே இருந்தது.

கிறிஸ்துமஸ் தாண்டி ஒரு திங்கள் மாலை போன் வந்தது. தெற்கே ஓர் அணி. நாளைக் காலை வந்து உதைக்க முடியுமா?

போனான். அங்கே வெயில் அடித்தது. மூன்று பேரை அழைத்திருந்தார்கள். பந்தெறிய ஒருவன் வந்திருந்தான். ஹூபியைவிட இளைத்தவன், நோலனின் முகத்தைப் பார்க்காமல் கை குலுக்கினான். அவனுக்குச் சிரமம் தரக் கூடாதென்று நோலனும் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றி மதில் இல்லை, கம்பி வேலிதான். வேலிக்கு அப்பால் கார் நிறுத்துமிடம். வரிசையின் கடைசியில் சாம்பல் நிறக் கார் ஒன்று. இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடி இறக்கியிருந்தது.

முதல் இரண்டு பேரும் உதைத்தார்கள். பிறகு நோலன். கால் நன்றாக இருந்தது. ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று. கதவுகள் சாத்திக்கொண்டே போயின. அந்த ஊர்க் கோச் தலையாட்டினார்.

"தூரம் பார்த்தாச்சு," என்றார். "உன்கிட்ட தூரம் இருக்குன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் கேக்கறேன். கோட்டுக்கு வெளிய ஒண்ணு தள்ளு. உயரமா. கிட்டக்க."

நோலன் காரைப் பார்த்தான். உள்ளே இருப்பவனின் முழங்கை மட்டும் தெரிந்தது. பந்து வந்தது. இரண்டு அடி வைத்தான். பாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, பந்துக்குக் கீழே கொடுத்தான். சத்தமே இல்லை, தலையணையைக் கட்டிலில் போட்டது போல ஒன்று. வேலி வரைக்கும்கூட அது கேட்டிருக்காது. பந்து நேராக மேலே போய், அங்கே நின்று யோசித்து, கோட்டுக்கு ஒரு கை தள்ளி வெளியே விழுந்தது.

"இன்னொண்ணு," என்றார் கோச்.

அதேபோல இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. அவர் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் சத்தமில்லாமல் உதைத்துக்கொண்டிருந்தான்.

"சரி, மேல வா. கையெழுத்து வாங்கிடலாம்."

அலுவலகத்துக்குப் போகும் வழி கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகத்தான். சாம்பல் காரின் கண்ணாடி இப்போது ஏறியிருந்தது. உள்ளே இருந்தவனை அடையாளம் தெரிந்தது. அந்த அணியின் பன்டர்; எப்போதோ ஒரு கோடையில் இருவரும் ஒரே முகாமில் இருந்தவர்கள். பின்சீட்டில் குழந்தை இருக்கை. நோலன் தலையசைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் தலையசைத்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மார்லாவைக் கூப்பிட்டான்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல."

அந்தப் பக்கம் ஒட்டுநாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அவள் ஆரம்பித்திருந்தாள்.

"அந்த ஊர்ல குளிருமா?" என்று கேட்டாள்.

"குளிராது."

"வீடு?"

"வாடகைக்குப் பாரு," என்றான் நோலன். "பெட்டிங்களை எறிஞ்சிடாத."